தண்ணி ஒத்துக்கல

வண்ணமீன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "தண்ணி ஒத்துக்கல சார்." போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிப்போன ஐந்து கோல்டு ஃபிஷ்ஷில் நான்கு செத்துவிட்டன என்று வந்து நிற்பவருக்குக் கிடைக்கும் பதில் அது. அவரும் தலையாட்டிவிட்டு இன்னும் நான்கு வாங்கிப்போவார். அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பேர்போன சென்னை கொளத்தூரில் ஒரு மாலை சுற்றினால் இதை இரண்டு மூன்று முறையாவது கேட்டுவிடலாம்.

அந்த வாக்கியம் பொய்யல்ல. ஆனால் காரணத்தைத் தண்ணீரில் தேட வைக்கிறது. தேட வேண்டிய இடம் வேறு. புதுத் தொட்டியில் நடப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே வரிசைதான். முதல் நாள் மீன் துள்ளும். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். ஐந்தாம் நாள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வீட்டார் பதறிப்போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து விடுவார்கள். இரண்டு நாள் தெளிவாக இருக்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 50 லிட்டர். நான்கைந்து சிறிய கோல்டு ஃபிஷ்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் தீவனம் போடுகிறோம். அதில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். தின்ற புரதத்தின் எடையில் சுமார் 9 சதவீதம், அமோனியாவிலுள்ள நைட்ரஜனாக வெளியேறும் என்பது மீன்பண்ணைகளில் பயன்படும் கணக்கு. நாம் சிறுநீராகக் கழிப்பதை மீன் பெரும்பாலும் செவுள் வழியாகவே கழித்துவிடுகிறது. ஆக, 1 கிராம் தீவனத்திலிருந்து 36, 37 மில்லிகிராம். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். ஒரே நாளில்.

அமோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். அமோனியம் அயனியாக இருக்கும்போது அவ்வளவு தொல்லையில்லை. தனி அமோனியாவாக இருக்கும்போது நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நஞ்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8 என்றால் ஏழரை சதவீதம். நம் தொட்டியின் முதல் நாள் கழிவே, பிஎச் 8 உள்ள போர் தண்ணீரில், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தனி அமோனியாவைத் தந்துவிடும். செவுள் கெடத் தொடங்குவது அந்த அளவில்தான். ஐந்தாம் நாள் மீன் ஏன் வாயைத் திறக்கிறது என்பதில் பிறகு மர்மம் ஒன்றும் இல்லை.

குளத்திலும் ஆற்றிலும் மீன்கள் காலங்காலமாகக் கழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே அமோனியாவைத் தின்று பிழைக்கும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மண்ணிலும் வேரிலும் படிந்திருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். மீனுக்கோ அது உயிர் வித்தியாசம். நைட்ரைட் இரத்தத்தில் புகுந்தால் ஆக்ஸிஜனைச் சுமக்கும் தன்மையே போய், இரத்தம் பழுப்பாகிவிடும். நைட்ரேட்டை மீன் பெருமளவு தாங்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். கடையிலிருந்து வந்த கண்ணாடிப் பெட்டியில் இந்த இரண்டு கூட்டமும் பேருக்குக்கூட இல்லை. அவற்றைக் குடியேற்றுவதைத்தான் வளர்ப்பவர்கள் "சைக்கிள் பண்றது" என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு குடும்ப வேடிக்கை இருக்கிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ்களையும் வாலிஸ்நேரியா செடியையும் வைத்துப் பார்த்தார். செடியின் இலை அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளைச் சேர்த்தார், சரியானது. செடி ஆக்ஸிஜன் தருகிறது, மீன் கரியமில வாயு தருகிறது, நத்தை குப்பையைத் தின்கிறது, எனவே தண்ணீரை மாற்றாமலே எல்லாம் சமநிலையில் நிற்கும் என்று 1850இல் எழுதினார். வீட்டு மீன் தொட்டி என்னும் மோகம் விக்டோரியா கால இங்கிலாந்தில் பற்றிக்கொண்டதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவருடைய சமநிலைக் கணக்கில் அமோனியாவைத் தின்னும் உயிர்களுக்கு இடமே இல்லை. அவர் தொட்டியில் அவை இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த உயிர்களைத் துரத்திக்கொண்டு போனவர்களில் ஒருவர் அவருடைய மகன். பெயரும் அதே ராபர்ட் வாரிங்டன். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை. தகப்பன் தொட்டியில் தவறவிட்டதை மகன் வயல் மண்ணில் தேடினார்.

மகனுக்கு வழிகாட்டியது பிரான்சில் நடந்த ஒரு சோதனை. 1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல இறக்கினார்கள். சுமார் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு நைட்ரேட் தோன்றியது, அமோனியா குறைந்து மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நின்றுவிட்டது. மண்ணைக் கழுவிய நீரைக் கொஞ்சம் சேர்த்தார்கள், மறுபடி தொடங்கியது. இது வெறும் வேதிவினை அல்ல, உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை என்பது அன்று உறுதியானது. புதுத் தொட்டி வைத்தவர் படும் பாடு முழுதும் அந்தக் குழாயில் இருக்கிறது: காத்திருந்த 20 நாள், நஞ்சு பட்டால் வரும் முடக்கம், ஒரு பிடி பழைய மண் தரும் மறுவாழ்வு.

வாரிங்டனின் மகன் இதை ராதம்ஸ்டெட்டில் மீண்டும் செய்து பார்த்து, வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது, இரண்டுக்கும் வெவ்வேறு உயிர்கள் என்று காட்டினார். ஆனால் அவற்றைத் தனியே பிரித்து வளர்க்க அவரால் முடியவில்லை. 1890இல் ஸூரிக்கில் இருந்த ரஷ்யரான செர்கேய் வினோகிராத்ஸ்கிக்கு அது வாய்த்தது. சிக்கல் என்னவென்றால், சத்தான கூழில் வைத்தால் இவை வளர்வதில்லை. மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு இடத்தை நிரப்பிவிடும். அமோனியா, காற்று, உப்புகள், இவை மட்டுமே போதும் என்று வாழ்கிற விசித்திரமான சந்நியாசிகள். வினோகிராத்ஸ்கி சத்தே இல்லாத சிலிக்கா கூழில் அவற்றை வளர்த்தார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற பெயர்கள் நிலைத்தன.

இவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே பீகாரில் வெடியுப்பு காய்ச்சியவர்கள், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணில் உப்புப் பூப்பதைப் பார்த்துச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உப்பும் நைட்ரேட்தான். ஐரோப்பாவின் பீரங்கிகளுக்கு வெடிமருந்து கொடுத்தது இதே நுண்ணுயிர்களின் உழைப்பு.

நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற ஜோடி நூறாண்டுகள் பாடப்புத்தகத்தில் அசையாமல் இருந்தது. மீன் தொட்டிப் புட்டிகளின் மேலும் அதுவே அச்சாகிக்கொண்டிருந்தது. பிறகுதான் மரபணுவைப் பார்க்கும் கருவிகள் வந்தன. 1996இல் டிமோதி ஹோவனெக், எட்வர்ட் டிலாங் இருவரும் தொட்டி வடிகட்டிகளைச் சோதித்தபோது நைட்ரோபாக்டர் தட்டுப்படவே இல்லை. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம் என்று 1998இல் ஹோவனெக் குழு எழுதியது. 2005இல் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டியிலிருந்து, அமோனியாவைத் தின்னும் ஆர்க்கியா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள்; அது பாக்டீரியாவே அல்ல, உயிர்களின் வேறொரு பேரரசைச் சேர்ந்தது. 2011இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார், வீட்டுத் தொட்டிகள் உட்படப் பல நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டிகளில் இந்த ஆர்க்கியாக்களே மிகுதி என்று கண்டார்கள். 2015இல் கடைசி அடி: அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியொருவராய்ச் செய்யும் நைட்ரோஸ்பைராக்கள் இருக்கின்றன என்று இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அதில் நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்தது ஒரு மீன்பண்ணையின் வடிகட்டியிலிருந்து. வாரிங்டனின் மகன் பாடுபட்டு நிறுவிய 'இரண்டு கட்டம், இரண்டு உயிர்' என்பதற்கே விதிவிலக்கு வந்துவிட்டது.

பெயர்கள் இப்படிப் புரண்டாலும் தொட்டி வைத்தவர் செய்ய வேண்டியது பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இந்தப் புரட்டல் நம் பணத்தைத் தொடுகிறது: புட்டியில் விற்கும் பாக்டீரியா. தொட்டியில் இல்லாத இனத்தைப் புட்டியில் அடைத்து விற்றால் என்ன பயன் என்பதுதான் ஹோவனெக் எழுப்பிய கேள்வி. பின்னாளில் அவரே தன் பெயரில் பாக்டீரியா விற்கும் நிறுவனம் தொடங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அமோனியாவையும் நைட்ரைட்டையும் தின்னும் உண்மையான நுண்ணுயிர்கள், அதாவது நைட்ரிபைகள், ஸ்போர் என்னும் பாதுகாப்பு உறை கட்டுவதில்லை; உலர்ந்தால் செத்தன, வெயிலில் வெந்தாலும் செத்தன. பொடியாக வருவதும், ஆண்டுக்கணக்கில் கெடாது என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் பேசில்லஸ் வகை. அது மீந்த தீவனத்தையும் சகதியையும் தின்னும், நல்லதுதான்; ஆனால் நைட்ரிபைகளின் வேலைக்கு அது ஆள் அல்ல. குளிர்ச்சியாக வைத்த, தேதி பழசாகாத நீர்மப் புட்டி சில நாட்களைச் சேமித்துத் தரும். மே மாதத்தில் கண்ணாடி அலமாரியில் வெயில் காய்ந்த புட்டியை நான் தொட மாட்டேன்.

இவை ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கின்றன? வயிற்றுக் கிருமியான ஈ. கோலி வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். அமோனியாவைத் தின்று கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். அதை வைத்துக் குடும்பம் பெருக்க நைட்ரிபைகளுக்கு அரை நாளோ முழு நாளோ, அதற்கு மேலுமோ ஆகும். நாளுக்கொரு முறை இரட்டித்தால் ஒன்று ஆயிரமாக 10 நாள், பத்து லட்சமாக 20 நாள். அதிலும் நைட்ரைட் தின்னும் கூட்டத்துக்கு, முதல் கூட்டம் சமைத்துப் போடும்வரை சாப்பாடே இல்லை. எனவேதான் வழக்கமாக 4 முதல் 6 வாரம். மூன்றாம் நாள் வரும் பால் கலங்கல் இவற்றின் வேலை அல்ல. தீவனத்தைத் தின்னும் வேகக்காரர்களின் திடீர்ப் பெருக்கம். விட்டுவிட்டால் தானே அடங்கும்.

அவை எங்கே இருக்கின்றன என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மிகச் சிலவே தண்ணீரில் மிதக்கின்றன. மீதியெல்லாம் வழுக்கலாகப் படிந்திருக்கும்: ஸ்பாஞ்சின் துளைகளில், செராமிக் ரிங்கில், கல்லின் மேல், கண்ணாடியில். நண்பர் வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் பலனில்லை. கைப்பிடி ஸ்பாஞ்ச் கொண்டுவந்தால் பலன் உண்டு. தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் குடி கலையாது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கினால் கலைந்துவிடும். நமக்கோ வழுக்கல் என்றாலே அழுக்கு. ஒருமுறை நான் ஊரில் இல்லாத நேரம், என் அம்மா பாசத்தோடு வடிகட்டியைக் கழற்றி, சோப்பு போட்டு ஸ்பாஞ்சை வெள்ளை வெளேரென்று துவைத்துக் காயவைத்திருந்தார். "இப்படியா அழுக்கா வச்சிருப்பே?" என்று திட்டு வேறு. அடுத்த வாரம் நைட்ரைட் ஏறியது. அம்மாவிடம் என்ன சொல்வது? சுத்தம் பற்றிய அவர் கருத்து தவறே இல்லை, அது சமையலறைக்கு உரியது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

வடிகட்டி எது என்பதில் விலைக்கேற்ற பேச்சு நிறைய. சின்னத் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

குடியேற்றும் வழிகளுக்கு வருவோம். நம்மூரில் பரவலாக இருப்பது மீனை விட்டே தொடங்குவது. அதைக் கொடுமையில்லாமல் செய்யலாம்: ஐந்துக்குப் பதில் ஒன்றிரண்டு சிறு மீன்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் சிட்டிகை தீவனம், டெஸ்ட் கிட்டில் அமோனியாவோ நைட்ரைட்டோ தலைகாட்டினால் உடனே கால்வாசித் தண்ணீர் மாற்றம். நைட்ரைட் ஏறும் வாரங்களில் கொஞ்சம் கல்லுப்பு போடுவது உதவும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் வாசலில் முந்திக்கொண்டு நிற்கும். இதெல்லாம் ஒன்றரை மாதம் விடாமல் பார்க்கிறவருக்கு.

கடைகளில் "தண்ணிய பிடிச்சு ஒருநாள் ஓட விட்டு மீன விடுங்க" என்கிறார்கள். அந்த ஒருநாள் குளோரின் ஆவியாக மட்டுமே பயன்படும். அமோனியா இல்லாமல் ஒரு மாதம் மோட்டார் ஓட்டினாலும் குடி ஏறாது. சாப்பாடு இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்?

மீன் இல்லாமல் தொடங்க வேண்டுமானால் அமோனியாவை நாமே போட வேண்டும். அமோனியம் குளோரைடு நமக்குப் புதிய பொருள் அல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவும் நவச்சாரம்தான் அது. நாட்டு மருந்துக் கடைச் சரக்கின் சுத்தம் எப்படியோ என்பதால், ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு. 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 50 லிட்டர் தொட்டிக்கு 35 மில்லி ஊற்றினால் அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். குறைந்தால் மறுபடி அதே அளவு. ஆர்வக்கோளாறில் 5ஐத் தாண்டினால் நைட்ரைட் தின்னும் கூட்டம் முடங்கும். ஊற்றிய 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமாக நின்றால் தொட்டி தயார். அன்று பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, சேர்ந்த நைட்ரேட்டை வெளியேற்றிவிட்டு மீனை விடலாம்.

எல்லாவற்றையும்விட எளிய வழி உறை ஊற்றுவது. பாலைத் தயிராக்க யாரும் பாக்டீரியாவின் பெயர் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்குகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்சில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பையில் போட்டு, காயவிடாமல் கொண்டுவந்து புது வடிகட்டியில் வைத்தால் வாரங்கள் நாட்களாகச் சுருங்கும். கூடவே நத்தை முட்டையும் நோயும் வரலாம் என்பதுதான் இதன் குறை. மீன்கள் நலமாக இருக்கும் தொட்டி எது என்று தெரிந்து கேட்க வேண்டும். செடிகளும் கை கொடுக்கும். ஹைட்ரில்லாவோ, மேலே தொங்கவிட்ட மணி பிளான்ட்டின் வேரோ அமோனியத்தை நேராகவே உறிஞ்சிக்கொள்ளும்.

இனி நம் வீட்டுத் தண்ணீர். மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும், இருந்தாக வேண்டும்; அது மீனின் செவுளையும் எரிக்கும், குடியேறியவற்றையும் கொல்லும். பழைய புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று அழைத்த சோடியம் தயோசல்ஃபேட் அதை நொடியில் முறித்துவிடும். கடைகளில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டுகள் பலவற்றில் இருப்பது அதுதான்.

ஆர்.ஓ. தண்ணீர்தான் உண்மையான பொறி. உப்பு கரிக்கும் போர் தண்ணீரைப் பார்த்துப் பயந்து, நல்லது செய்வதாக நினைத்து, குடிக்கிற தண்ணீரையே தொட்டிக்கு ஊற்றுகிறார்கள். நைட்ரிபைகள் அமோனியாவைத் தின்னும்போது அமிலம் வெளிவிடும். ஒவ்வொரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கும், சுண்ணாம்புக் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை தீரும். நம் தொட்டியில் நாளுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல். ஆர்.ஓ. தண்ணீரில் மொத்த இருப்பே 20 என்றால் நான்காம் நாள் கஜானா காலி. பிஎச் சரிந்து, நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். 300 உள்ள போர் தண்ணீரில் அதே இருப்பு ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். நாம் குறை சொல்லும் கடினத் தண்ணீர் இவற்றுக்குப் பால்சோறு. ஆர்.ஓ.தான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பாதிக்குப் பாதி போர் தண்ணீர் கலக்கலாம், அல்லது ஒரு சிறு பையில் சிப்பித் துண்டுகளை வடிகட்டியில் வைக்கலாம்.

வெப்பம் நமக்குச் சாதகம். குளிர்நாட்டுக்காரர் ஹீட்டர் போட்டுக் கொண்டுவரும் 28 டிகிரி நம் வரவேற்பறையில் சும்மா கிடைக்கிறது. ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு: 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கரையும். நாள் ஒன்றுக்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவை நைட்ரிபைகளே கேட்கும். மீனுக்கு வேண்டியது தனி. காற்றுக்குமிழி அலங்காரம் அல்ல. மின்தடை சில மணி நேரம் நீண்டால், மூடிய கேனிஸ்டர் வடிகட்டிக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து குடி மடியும். மின்சாரம் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். அப்போது முதலில் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மோட்டாரைப் போட வேண்டும்.

கடைசியாக அந்த நீல மருந்து. எந்த மீன் வாங்கினாலும் ஒரு சின்ன பாட்டில் மெத்திலீன் ப்ளூவையும் பையில் போட்டுத் தருவது வழக்கமாகிவிட்டது. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் அது நல்ல மருந்து. ஆனால் நைட்ரிபைகளையும் முடக்கும். புதுத் தொட்டியில் முன்னெச்சரிக்கையாக நான்கு சொட்டு விடுவது, நட்ட நாற்றுக்கு வெந்நீர் ஊற்றுவதுபோல. மருந்து தேவைப்பட்டால் மீனைத் தனி பக்கெட்டில் வைத்துக் கொடுக்கலாம்.

சென்ற ஆண்டு இன்னொரு தொட்டி வைத்தபோது, என் ஸ்பாஞ்சைக் குறைக்க மனமில்லாமல், பழகிய கடைக்காரர் ஒருவரிடம் போய், அவர் தொட்டியில் குமிழ் விட்டுக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சைக் கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக அது ஓடுவதையும் அந்தத் தொட்டியில் மீன் சாகாததையும் பார்த்திருந்தேன். அவர் அதை வெளியே எடுத்தார். பழுப்பு நீர் ஒழுகியது. ஒரு பார்வை அதைப் பார்த்தார், ஒரு பார்வை என்னை.

"புதுசே அம்பது ரூபாதான் சார். இந்த அழுக்க எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க? தண்ணி ஒத்துக்காது."